அத்தியாயம் 7: வண்டிக்குள் விளக்கும் விசிறியும்

வேனில் படுக்கை போட்டாயிற்று, சாமான் வைக்கப் பெட்டி அடித்தாயிற்று என்றால் அடுத்து கரண்ட். ஈக்கோ, ஆம்னி, டெம்போ டிராவலர் எதுவானாலும் முறை ஒன்றுதான். இரண்டு விளக்கு, ஒரு விசிறி, போன் சார்ஜ், லேப்டாப், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை இரண்டு இரவுக்கு ஓட்டும் 12 வோல்ட் இணைப்பை நீங்களே போட்டுக்கொள்வதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் எல்லாம் வேண்டும் என்பவர்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

தொடங்குமுன் ஒன்று. வேன் வயரிங் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கூரையில் சோலார் பேனலை மாட்டுவதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அச்சன்புதூர், தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்தில் அந்த வரிசை சரிப்படாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று புகுந்து வரும். மலை மேல் மேகம் உட்கார்ந்துவிடும். நாள் முழுக்கச் சாரல். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போக ஆசைப்படும் நாட்களும் சூரியன் முகம் காட்டாத நாட்களும் ஒன்றே. அதனால் இங்கே சார்ஜுக்கு எஞ்சின் முதல், வீட்டு ப்ளக் இரண்டாவது, சோலார் மூன்றாவது. பேட்டரியும் வயரும் ஈரத்துக்குத் தாங்குகிற மாதிரி போடப்பட வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்.சி.யில் பதிவான விவரம் மாறும் அளவுக்கு வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. சீட்டைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறும், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி தேவை. முழுமையான கேரவன் வண்டிகளுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியில் பேட்டரியை வைத்து, கம்பெனி போட்ட வயரை வெட்டாமல் தனி வயர் இழுப்பதே தொல்லை குறைந்த வழி. கம்பெனி வயரை வெட்டி ஒட்டுப் போட்டால் வாரண்டி போகும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். போட்ட மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

முதல் வேலை: காகிதமும் பேனாவும்

கடைக்குப் போவதற்கு முன் கணக்கு. ஒவ்வொரு பொருளும் எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்று எழுதி, இரண்டையும் பெருக்கினால் வாட் அவர்.

1. எல்.இ.டி. விளக்குகள்: 10 வாட், 5 மணி நேரம். 50.
2. 12 வோல்ட் பி.எல்.டி.சி. விசிறி: 15 வாட், 9 மணி நேரம். 135.
3. இரண்டு போன், ஒரு டார்ச்: சுமார் 40.
4. லேப்டாப்: 50 வாட், 2 மணி நேரம். 100.
5. தண்ணீர் பம்ப்: 60 வாட், மொத்தமாகப் பத்து நிமிடம். 10.

கூட்டினால் 335. வயரிலும் கன்வெர்ட்டரிலும் வீணாவதைச் சேர்த்து 380 என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியின் 12.8 வோல்ட்டால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 ஆம்பியர் அவர், இரண்டு நாளைக்கு 60. பேட்டரியின் கொள்ளளவில் 80 சதவீதம்தான் எடுக்கலாம் என்று வைத்தாலும் 100 ஆம்பியர் அவர் பேட்டரி தாராளம்.

சின்ன கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைத்தால் இந்தக் கணக்கு அப்படியே புரண்டுவிடும். 40 வாட் ஃபிரிட்ஜ் நாளில் பாதி நேரம் ஓடினாலே 480 வாட் அவர். மற்ற எல்லாம் சேர்ந்து எடுப்பதைவிட அதிகம். ஃபிரிட்ஜ் வேண்டுமானால் 200 ஆம்பியர் அவர் பேட்டரி, அல்லது தினமும் வண்டி ஓட்டும் பயணம், இரண்டில் ஒன்று வேண்டும்.

அடுத்து மிக்சி. நம் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. 750 வாட் மிக்சி ஐந்து நிமிடம் ஓடினால் செலவாவது சுமார் 60 வாட் அவர்தான். ஆனால் ஓடும்போது பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. அதற்காக 1500 வாட் இன்வெர்ட்டர், விரல் தடிமன் கேபிள், பெரிய ஃபியூஸ் என்று எல்லாமே வீங்கிவிடும். என் கட்சி இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும்தான். சட்னி இல்லாமல் முடியாது என்பவர்கள் வீட்டில் அரைத்து எடுத்து வரட்டும்.

பேட்டரி: எதை வாங்குவது

லித்தியம் அயன் பாஸ்பேட். கடையில் எல்.எஃப்.பி. என்று கேட்டால் புரியும். 100 ஆம்பியர் அவர் பேட்டரி சுமார் 12 கிலோ. ஒருவரே தூக்கி வைக்கலாம். உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறதா, அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி சும்மா கிடக்கிறதே, அதை வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். எடை 50 கிலோவைத் தாண்டும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். மேடு பள்ளத்தில் ஆசிட் தளும்பும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அதுவும் நீங்கள் தலை வைத்துப் படுக்கும் பெட்டிக்கு அடியில். ஈய பேட்டரிதான் கட்டுப்படியாகும் என்றால் மூடிய வகை, அதாவது வி.ஆர்.எல்.ஏ., வாங்கிக் கணக்கில் பாதியை மட்டுமே நம்புங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். ஈக்கோவிலும் ஆம்னியிலும் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தச் சூட்டிலிருந்து தள்ளி, பின்பக்கம், தரையோடு ஒட்டி, சக்கர அச்சுக்கு அருகில் வையுங்கள். தரைக்கும் பேட்டரிக்கும் இடையில் ஒரு பலகை இருக்கட்டும். இரண்டு பட்டை போட்டு, வண்டி கவிழ்ந்தாலும் நகராத அளவுக்குக் கட்டுங்கள். ஏப்ரல், மே மாதம் தென்காசி வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வேனுக்குள் 50 டிகிரியைத் தொட்டுவிடும். பேட்டரிகளின் தாளில் சார்ஜ் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் 45 டிகிரிதான் மேல் வரம்பாகப் போட்டிருப்பார்கள். அந்த மாதங்களில் நிழல் தேடி நிறுத்துவது உங்களுக்கு மட்டுமல்ல, பேட்டரிக்கும் நல்லது. இதற்கு நேர்மாறான ஆபத்து ஊட்டியில்: ஜனவரி விடியலில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் இடங்களில், பேட்டரி சூடேறும் வரை சார்ஜ் போடக்கூடாது.

சார்ஜ் வரும் மூன்று வழி

*எஞ்சின்.* வண்டி பேட்டரிக்கும் வீட்டு பேட்டரிக்கும் (வேனுக்குள் நாம் புதிதாக வைக்கும் பேட்டரியை இனி இப்படிச் சொல்வோம்) நடுவில் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வைக்க வேண்டும். சும்மா ஒரு ரிலே போட்டு இணைத்தால் போதும் என்று சில கடைகளில் சொல்வார்கள். லித்தியம் பேட்டரி காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து கிடைத்தவரை இழுக்கும். ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பல பி.எஸ்.6 வண்டிகளில் வோல்டேஜும் நிலையாக இருக்காது. 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும். ஆல்டர்னேட்டரின் மொத்தத் திறனில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள் என்பதுதான் விதி. தென்காசியிலிருந்து ராஜபாளையம் வழியாக மதுரைக்கு 160 கிலோமீட்டர் அளவு, மூன்று மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். மணிக்கு 20 வீதம் 60 ஆம்பியர் அவர். இரண்டு நாள் செலவு அங்கேயே ஏறிவிடும். ஆனால் அச்சன்புதூரிலிருந்து குற்றாலம் போவது குறுகிய தூரம். அதில் பத்து ஆம்பியர் அவர் ஏறினால் பெரிது. எனவே குற்றாலம் மட்டும் போகிறவர்கள் முதல் நாள் இரவே வீட்டில் முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

*வீட்டு ப்ளக்.* 10 ஆம்பியர் லித்தியம் சார்ஜர் போதும். 230 வோல்ட்டில் அது எடுப்பது ஒரு ஆம்பியர்கூட இல்லை. சாதாரண 6 ஆம்பியர் ப்ளக்கே தாங்கும். ராத்திரி போட்டால் காலையில் நிறைந்திருக்கும். லாட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ நிறுத்தினாலும் இதே. கேரள அரசு 2021-இல் அறிவித்த கேரவன் திட்டத்தை ஒட்டி எல்லைக்கு அப்பால் கேரவன் பூங்காக்களும் வரத் தொடங்கியிருக்கின்றன. அங்கேயும் இந்த ஒரு சார்ஜர் போதும்.

*சோலார்.* நல்ல வெயிலில் 100 வாட் பேனல் நாளுக்கு 300 முதல் 350 வாட் அவர் தரும். மேகம் மூடிய குற்றால சீசன் நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே திருப்தி. டிசம்பர், ஜனவரி, பிறகு கோடை என்று மற்ற மாதங்களில் சுற்றுபவருக்குப் பேனல் பிரமாதமான துணை. நம் ஊர் 9 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல். பேனலைச் சாய்க்கும் வம்பு வேண்டாம். தண்ணீர் வழிய ஒரு சிறு சரிவோடு படுக்க வையுங்கள். கீழே நாலு விரல் இடைவெளி விடுங்கள்; காற்றோட்டம் இல்லாமல் பேனல் சூடேறினால் விளைச்சல் குறையும். கேரியர் கம்பியின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தால்கூட இழப்பு அந்த ஓரத்தின் அளவோடு நிற்காது.

வயர்: கஞ்சத்தனம் கூடாத இடம்

12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனாலே எட்டு சதவீதம் போனது என்று அர்த்தம். 230 வோல்ட்டில் நாம் கவனிக்காத இழப்பு இங்கே பொருளை ஓடவிடாமல் நிறுத்திவிடும். ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் 5 ஆம்பியர் ஃபிரிட்ஜுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், போக வர பத்து மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும். பேட்டரி நிறைந்திருந்தும் ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் அடங்கும்.

போதுமான அளவுகள்:

- விளக்கு, விசிறி: 1.5 சதுர மி.மீ., ஃபியூஸ் 5 ஆம்பியர்
- யு.எஸ்.பி. சாக்கெட், பம்ப்: 2.5 சதுர மி.மீ., ஃபியூஸ் 10
- ஃபிரிட்ஜ்: 4 சதுர மி.மீ., ஃபியூஸ் 15
- 300 வாட் இன்வெர்ட்டர், ஒரு மீட்டருக்குள்: 10 சதுர மி.மீ., ஃபியூஸ் 40
- டிசி-டிசி சார்ஜருக்கு வண்டி பேட்டரியிலிருந்து: 10 சதுர மி.மீ., இரண்டு முனையிலும் ஃபியூஸ் 40
- பேட்டரியிலிருந்து பஸ் பாருக்கு (எல்லா வயரும் வந்து சேரும் உலோகப் பட்டை): 16 சதுர மி.மீ., ஃபியூஸ் 60

வயர் பல இழை கொண்ட செம்பாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வயர் வண்டியின் அதிர்வில் நாளடைவில் ஒடியும். இப்போது சந்தையில் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரும் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், “அண்ணாச்சி, செம்பு வயர் கொடுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வண்டியின் தகரத்தையே நெகட்டிவாகப் பயன்படுத்துவது ஆட்டோ எலக்ட்ரீசியன்களின் பழைய வழக்கம். கம்பெனி வயரிங்கில் அது சரி. நீங்கள் போடும் புதிய இணைப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் சிவப்பு, கறுப்பு இரண்டு வயரும் தனியாக இழுங்கள். சாரல் ஊரில் தகரத்தில் அடித்த போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவில் வோல்டேஜ் விழும், விளக்கு கண் சிமிட்டும். பஸ் பாரின் நெகட்டிவை ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேஸிஸோடு இணைத்தால் போதும்.

ஃபியூஸ்: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. மின்விசிறி கெட்டுப்போகாமல் இருக்க அதைப் போடுவதாக நினைத்துக்கொண்டு, அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வயர் தாங்குவதைவிடப் பெரிய ஃபியூஸ் போட்டால் வயரே ஃபியூஸாகிவிடும், உங்கள் மெத்தைக்கு அடியில்.

லித்தியம் பேட்டரியின் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டால் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். ஆகவே மெயின் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் வயர் மட்டும்தான் பாதுகாப்பில்லாத பகுதி. அதற்கும் தனியாக ஸ்லீவ் போடுங்கள். மெயினுக்குச் சின்ன பிளேடு ஃபியூஸ் வேண்டாம். ஏ.என்.எல். வகை போல்ட் ஃபியூஸ் வாங்குங்கள்.

வீட்டு மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி.யைப் பேட்டரிக்குப் போடலாமா? கூடாது. வீட்டு கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போகிறது, எம்.சி.பி. திறக்கும்போது எழும் பொறி அந்த இடைவெளியில் அணைந்துவிடும். பேட்டரி கரண்ட் பூஜ்ஜியத்துக்கே வராது. பொறி நின்று எரியக்கூடும், எம்.சி.பி. உருகி ஒட்டிக்கொள்ளலாம். டிசி என்றும் எத்தனை வோல்ட் என்றும் அச்சடித்திருந்தால் மட்டுமே வாங்குங்கள். சுவிட்சுக்கும் அதே விதி.

கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர், நல்ல கிரிம்பிங் பிளேயர், வயர் ஸ்ட்ரிப்பர், வயர் அளவுக்கேற்ற லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ரப்பர் குரோமெட், நெளி பி.வி.சி. பைப், கேபிள் டை, கைப்பிடி வரை டேப் சுற்றிய ஸ்பேனர். 16 சதுர மி.மீ. லக்குகளை அழுத்தப் பெரிய ஹைட்ராலிக் கருவி தேவை. அதை வாங்க வேண்டாம், பேட்டரி கடையில் கேபிளைக் கொடுத்தால் அழுத்தித் தருவார்கள். சால்டரிங் செய்தால் உறுதி என்று நினைப்பவர்கள் உண்டு. ஈயம் ஏறிய இடம் விறைத்துவிடும். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கும் அதிர்வில், விறைப்பு முடியும் விளிம்பில்தான் இழை ஒடியும். வண்டியில் கிரிம்பிங்தான் நம்பகம்.

இணைக்கும் வரிசை

மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, உலோக வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் பாசிட்டிவுக்கும் தகரத்துக்கும் நடுவில் சிக்கும் மோதிரம் நொடியில் பழுத்து, விரலோடு வரும்.

1. ஒரு தாளில் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் வயர் அளவும் ஃபியூஸ் அளவும் எழுதுங்கள். வரையத் தெரியாததை இணைக்காதீர்கள்.
2. வண்டியின் பேட்டரியில் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.
3. வீட்டு பேட்டரியை அதன் இடத்தில் கட்டி, இரண்டு முனையையும் ரப்பர் மூடியால் மூடிவிடுங்கள். வேலை முடியும்வரை திறக்கக்கூடாது.
4. மெயின் ஃபியூஸ் தாங்கி, மெயின் சுவிட்ச், பஸ் பார், ஃபியூஸ் பெட்டி, சார்ஜர்களை ஒரு பிளைவுட் பலகையில் திருகுங்கள். எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஃபியூஸ்களை இன்னும் போடாதீர்கள்.
5. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பலகைக்கு வயர்களை இழுங்கள். தகரத்தில் துளை போடும் ஒவ்வொரு இடத்திலும் குரோமெட் மாட்டிய பிறகே வயரை நுழையுங்கள். பெட்ரோல் பைப், பிரேக் பைப், சைலன்சர் பக்கம் போகக்கூடாது. துளை போடுமுன் தகரத்துக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.
6. ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து ராத்திரியில் டார்ச்சோடு பார்க்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.
7. லக் அழுத்தியபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வரட்டும், இப்போது வருவது நல்லது. பிறகு ஸ்லீவ் போட்டுச் சூடாக்குங்கள்.
8. நெகட்டிவ் வயர்களை நெகட்டிவ் பஸ் பாரிலும், பாசிட்டிவ் வயர்களை ஃபியூஸ் பெட்டியிலும் இணையுங்கள்.
9. மல்டிமீட்டரைப் பஸ்ஸரில் வைத்து, பாசிட்டிவ் பஸ் பாருக்கும் நெகட்டிவ் பஸ் பாருக்கும் இடையில் பாருங்கள். விடாமல் சத்தம் வந்தால் எங்கோ ஒட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.
10. மெயின் சுவிட்சை அணைத்து வைத்து, வீட்டு பேட்டரியில் முதலில் பாசிட்டிவையும் கடைசியாக நெகட்டிவையும் மாட்டுங்கள்.
11. மெயின் ஃபியூஸைப் போட்டு சுவிட்சைப் போடுங்கள். பஸ் பாரில் 13 வோல்ட் அளவு காட்ட வேண்டும்.
12. சின்ன ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, போட்ட ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் கோளாறு எதில் என்று தெரியாது.
13. சோலார் கண்ட்ரோலரில் முதலில் பேட்டரி, அதன் பிறகே பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. பேனல் மட்டும் இணைந்து, பேட்டரி இல்லாமல் நிற்கும் நிலையில் பல கண்ட்ரோலர்கள் பழுதாகும். இதற்காகப் பேனல் வயரில் தனியாக ஒரு டிசி சுவிட்ச் வையுங்கள். மெயினை அணைக்கும் முன் அதை அணையுங்கள்.
14. கண்ட்ரோலரிலும் டிசி-டிசி சார்ஜரிலும் பேட்டரி வகையை எல்.எஃப்.பி. என்று மாற்றுங்கள். சார்ஜ் வோல்டேஜ் 14.2 முதல் 14.4 வரை. ஈய பேட்டரிக்கான ஈக்வலைஸ் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.
15. வண்டி பேட்டரியின் நெகட்டிவை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பதினைந்து நிமிடம் கழித்து ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிகிற இணைப்பு தளர்வாக இருக்கிறது.

வோல்டேஜைப் பார்த்தே பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வது ஈய பேட்டரியில் ஓரளவு நடக்கும். லித்தியத்தில் பெரும்பகுதி நேரம் 13.1, 13.2 என்றே காட்டிக்கொண்டிருந்து, திடீரென்று விழும். நெகட்டிவ் வயரில் ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று போட்டால் மிச்சம் சதவீதத்தில் தெரியும். இந்தச் செலவு பேனல் செலவுக்கு முன்னால் வர வேண்டியது என்பேன்.

சாரலுக்கு ஏற்பாடு

குற்றாலத்தில் வண்டிக்குள் வரும் ஈரத்தில் பாதி நாமே கொண்டு வருவது. அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத்துண்டையும் வேட்டியையும் வண்டிக்குள் உலரவிட்டு, கதவைச் சாத்திப் படுத்தால் காலையில் தகரத்தின் உள்பக்கம் வேர்த்து வழியும். அந்தத் தண்ணீர் இறங்கும் வழியில் பலகை இருக்கக்கூடாது. பலகையைச் செங்குத்தாக, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மாட்டுங்கள். வயர்கள் பலகைக்குக் கீழிருந்து மேலேறி வரட்டும். மேலிருந்து இறங்கினால் வயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் இறங்கி உள்ளே போகும். லக்குகளில் பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பிய இணைப்பு ஒரு சீசன் தாங்காது. பசை இளகிப் பிரிந்துவிடும்.

பேட்டரிப் பெட்டிக்கு மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். பெட்டியை மெழுகு வைத்ததுபோல் அடைத்தால் ஈரமும் சூடும் உள்ளேயே நிற்கும்.

கூரை வயரைப் பற்றி ஒரு வார்த்தை. அருவிக்கரையில் நிறுத்தும் வண்டிமேல் குரங்கு ஏறாமல் இருக்காது. தொங்கும் வயரைப் பிடித்து இழுத்துப் பார்க்காமலும் இருக்காது. பேனலிலிருந்து வரும் வயரைப் பைப்புக்குள் விட்டு, இறுக்கிக் கட்டி, கூரைத் துளையில் வாட்டர்ப்ரூஃப் கேபிள் கிளாண்ட் போடுங்கள். கிளாண்டின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும். முன்பக்கம் பார்த்தால் ஓடும் வேகத்தில் மழை உள்ளே அடிக்கும்.

230 வோல்ட்: குறைவாக இருப்பதே நல்லது

வண்டிக்குள் வீட்டு ப்ளக் பாயின்ட்கள் வைத்து வயரிங் போட வேண்டாம். வெளிக் கரண்ட் உள்ளே வருவது சார்ஜர் வரைக்கும் மட்டும் இருக்கட்டும். அதற்கான நீட்டிப்பு வயர் மூன்று இழை கொண்டதாக, எர்த்தோடு இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) வைத்த பெட்டி வழியாக மட்டுமே இழுங்கள். நிறுத்தும் இடத்தின் எர்த் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு வண்டிக் கதவைத் தொடப்போவது நீங்கள். ப்ளக் இணைப்பு தரையில் கிடக்காமல் தூக்கிக் கட்டுங்கள். சுருட்டிய நிலையில் வயரைப் பயன்படுத்தாதீர்கள், சூடேறும்.

லேப்டாப்புக்காக மட்டும் இன்வெர்ட்டர் வாங்க நினைப்பவர்கள், அந்த லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்று முதலில் பாருங்கள். ஏறுமென்றால் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் பி.டி. சார்ஜரே போதும். இன்வெர்ட்டர் வேண்டியதில்லை, வீணாகும் கரண்டும் குறைவு. இன்வெர்ட்டர்தான் வேண்டுமென்றால் ப்யூர் சைன் வேவ், 300 வாட். பயன்படுத்தாதபோது அணைத்துவிடுங்கள், சும்மா கிடந்தாலும் அது தின்னும். இன்வெர்ட்டர் வெளியீட்டையும் வெளிக் கரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வயரில் சேர்க்காதீர்கள்.

கேஸும் பொறியும்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரும் சமையலும்தான் காரணம் என்று ரயில்வே அன்றே சொன்னது. உறங்குகிற இடமும் அடுப்பும் ஒரே தகரப் பெட்டிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, தாழ்வாக வைத்த பேட்டரி, ரிலே, பம்ப் சுவிட்ச் இருக்கும் இடத்தில்தான் தேங்கும். அதனால் சிலிண்டரும் பேட்டரியும் ஒரே பெட்டியிலோ ஒரே பக்கத்திலோ இருக்கக்கூடாது. சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் முதலில் கதவுகளைத் திறந்து, எல்லாரும் இறங்குங்கள். உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று, படுத்திருக்கும்போதே கை எட்டும் இடத்தில், கதவோரம் இருக்கட்டும்.

ஓடவில்லை என்றால்

எல்லாமே நின்றுபோனால்: பேட்டரி முனையில் நேரடியாக வோல்டேஜ் பாருங்கள். பூஜ்ஜியமோ மிகக் குறைவோ காட்டினால் பி.எம்.எஸ். தானாக மூடிக்கொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சார்ஜர் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும். பேட்டரியில் 13 வோல்ட், பஸ் பாரில் ஒன்றும் இல்லை என்றால் மெயின் ஃபியூஸ். எதனால் போனது என்று தெரியாமல் புது ஃபியூஸ் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் நின்றால்: அதன் ஃபியூஸ், பிறகு அதன் நெகட்டிவ் இணைப்பு. பாசிட்டிவையே பார்த்துக்கொண்டு நெகட்டிவை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

விளக்கு மங்கினால், விசிறி மெதுவாகச் சுற்றினால்: அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியிலும் விசிறி முனையிலும் வோல்டேஜ் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் நடுவில் எங்கோ தளர்வு, துரு, அல்லது மெல்லிய வயர்.

ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால்: டிசி-டிசி சார்ஜரின் இரண்டு முனை ஃபியூஸ்களும், எஞ்சின் ஓடுவதை அதற்குச் சொல்லும் இக்னிஷன் வயரும்.

சீசன் முடிந்து செப்டம்பரில் ஒரு நாள் எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்து, பச்சை பூத்த லக்குகளை மாற்றிவிடுங்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறதென்றால் பேட்டரியைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜில் வைத்து, பேனல் சுவிட்சை அணைத்து, பிறகு மெயின் சுவிட்சை அணையுங்கள்.